விரல்நுனிச் சிப்பும் மூளைக்காயமும்: ஐ-ஸ்டாட் டி.பி.ஐ. சோதனை

தலையில் அடிபட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கண் திறந்து பேசும் நிலையிலேயே இருக்கின்றனர். 1974இல் வகுக்கப்பட்ட கிளாஸ்கோ நினைவு அளவுகோலில் அவர்களுக்கு 13 முதல் 15 வரை மதிப்பெண் கிடைக்கும். சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு தென்படுவது அவர்களில் சிலருக்கே என்றாலும், அந்தச் சிலர் யார் என்பதைப் பார்த்துச் சொல்ல இயலாததால் மிகப் பலர் ஸ்கேனுக்கு அனுப்பப்படுகின்றனர். அபாட் நிறுவனத்தின் ஐ-ஸ்டாட் டி.பி.ஐ. சோதனை குறைக்க முயல்வது இந்த வரிசையைத்தான்.

சோதனை இரண்டு புரதங்களை அளக்கிறது. ஜி.எஃப்.ஏ.பி. என்பது நரம்புச் செல்களைப் பேணும் ஆஸ்ட்ரோசைட் எனும் துணைச் செல்களின் உட்சட்டகம்; யு.சி.எச்.-எல்1 என்பது நரம்புச் செல்களுக்குள் நிறைந்திருக்கும் ஒரு நொதி. செல்கள் சிதையும்போது இரண்டும் ரத்தத்தில் கலக்கின்றன. பின்னது ஏறத்தாழ 8 மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு விரைவாக இறங்க, முன்னது 20 மணி நேரம் வரை ஏறி மெல்லத் தணிவதால், ஒன்று விட்டதை மற்றது பிடிக்கிறது. இதே தேவைக்காக ஸ்காண்டிநேவிய மருத்துவர்கள் 2013 முதல் பரிந்துரைத்துவரும் எஸ்100பி புரதமோ கொழுப்புச் செல்களிலிருந்தும் வெளிவருவதால், எலும்பு முறிந்தவரிடமும் உயர்ந்து குழப்பம் தரக்கூடியது.

பயன்படுத்தும் முறை எளியது. ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் எடுத்த சிரை ரத்தத்தை மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து, சில துளிகளைக் கார்ட்ரிட்ஜின் கிணற்றில் விட்டு, மூடியை அழுத்திக் கருவிக்குள் செருகினால் போதும். உள்ளே சிலிக்கான் சிப்பில் ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருள்கள் புரதத்தைப் பற்றிக்கொள்ள, நொதி பிணைக்கப்பட்ட இன்னொரு எதிர்ப்பொருள் அதன்மேல் வந்தமர்கிறது. அந்த நொதி உண்டாக்கும் வேதிப்பொருள் நுண்மின்னோட்டமாக அளக்கப்பட்டு, 15 நிமிடத்தில் திரையில் விடை வருகிறது. பிகோகிராம், அதாவது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் இது எண்ணுகிறது என்பது வியப்புக்குரியதே. கையடக்கக் கருவி எனப்பட்டாலும், சோதனை முடியும்வரை அதைச் சமதளத்தில் அசையாமல் வைக்க வேண்டும்.

2018இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் முதன்முதலில் அனுமதித்த இவ்வகைச் சோதனை ஆய்வகத்திலேயே செய்யத்தக்கதாக இருந்தது. 2021இல் வந்த ஐ-ஸ்டாட் வடிவத்துக்கும் பிளாஸ்மாவைப் பிரிக்கும் சுழற்பொறி தேவைப்பட்டது. 2024 ஏப்ரலில் அனுமதி பெற்ற முழு ரத்த வடிவமே அந்தத் தடையை நீக்கி, அடிபட்டு 24 மணி நேரம் வரையிலான 18 வயது நிரம்பியோருக்குப் பயன்படுகிறது. உண்மையான முன்னேற்றம் இதுதான்.

ஆனால் இக்கருவி ‘இல்லை’ என்று சொல்லும்போதே நம்பத்தக்கது. ஸ்கேனில் சேதமுள்ளோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 96 பேரை அது கண்டறிகிறது. சேதமற்றவர்களிலோ நூற்றுக்கு 40 பேரளவில்தான் ஸ்கேனைத் தவிர்க்க முடிகிறது. வயதாக ஆக ஜி.எஃப்.ஏ.பி. இயல்பாகவே கூடுவதால், வழுக்கி விழுந்து வரும் முதியோரிடம் இந்தப் பயன் மேலும் சுருங்குகிறது. எனினும் ‘உயர்ந்துள்ளது’ என்ற விடையை, ஸ்கேன் தெளிவாக இருந்த காரணத்தால் ஒதுக்கிவிடக் கூடாது: சி.டி.யில் எதுவும் தெரியாத, ஆனால் ஜி.எஃப்.ஏ.பி. மிகுந்த நோயாளிகளின் மூளையில் எம்.ஆர்.ஐ. காயத்தைக் காட்டியதை 2019இல் அமெரிக்காவின் டிராக்-டி.பி.ஐ. ஆய்வு பதிவு செய்தது. ‘உயரவில்லை’ என்ற விடையும் மூளை அதிர்வு நேரவில்லை என்று சொல்வதில்லை. அவ்விடையோடு வீடு திரும்புபவருக்கும், தலைவலி கூடினாலோ வாந்தி தொடர்ந்தாலோ உடனே திரும்பி வரும்படி எழுதித்தர வேண்டியிருக்கிறது.