அரசினர் சுகாதாரக் கொள்கையும் மலேரியா தந்த பாடமும்

ஈழநாட்டில் இறப்பு வீதம் வீழ்ந்தமைக்கு டி.டி.ரி. என்னும் மருந்தே காரணம் என்பார் பலர். 1946ஆம் ஆண்டில் ஆயிரம் பேருக்கு 20 என்றிருந்த இறப்பு மறு ஆண்டில் 14 ஆயிற்று. அக்காலத்திலேயே அம்மருந்தும் வீடுதோறும் தெளிக்கப்பட்டது. இரண்டையும் பொருத்திக் காண்டல் எளிது. ஆயினும் இக்கூற்று முழுதும் ஒப்பத்தக்கதன்று.

மலேரியா மிகுதியாக இராத மாவட்டங்களிலும் அவ்வாண்டில் இறப்பு வீழ்ந்ததே! வீழ்ச்சி அங்கே சற்றுக் குறைவென்பது மெய். எனினும், நோய் அருகிய இடத்தில் நுளம்புக்கொல்லி சாதித்தது யாது? விடையைப் பின்னோக்கித் தேடல் வேண்டும். 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பகுதி தொடங்கிற்று; மருத்துவிச்சியர் தாய்மாரின் வீடு தேடிச் சென்றனர். 1931இல் வாக்குரிமை யாவர்க்கும் கிடைத்தது. வாக்குக் கேட்டு வருபவர் ஆசுபத்திரியைப் பற்றிப் பேசாதிருத்தல் அதன்பின் இயலாதாயிற்று. அடுத்து வந்தது 1934-35ஆம் ஆண்டுக் கொள்ளைநோய். மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்க, அவற்றில் நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல் பக்கங்களில் நோயெதிர்ப்பு வலிமையற்ற மக்கள், பசியால் மெலிந்திருந்த வேளையில், ஆயிரக்கணக்கில் மடிந்தனர். நாடெங்கும் ஏறத்தாழ 80,000 உயிர்கள் மாண்டன. 1935இல் ஆயிரம் பிறப்புக்கு 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1947இல் அத்தொகை 101 ஆயிற்று. இடையே கிராமந்தோறும் பெருகிய மருந்தகங்களையும், போர்க்காலத்து உணவுப் பங்கீட்டையும் மறந்துவிட்டு, புகழ் முழுவதையும் ஒரு மருந்துக்கே சூட்டுவது நியாயமாகுமா?

மருந்தை மட்டும் நம்பியதன் பயனைப் பின்னர்க் கண்டோம். 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா காணப்பட்டது. நோய் ஒழிந்ததெனக் கருதித் தெளிப்பை நிறுத்தினர், காவலும் தளர்ந்தது. இரத்தினக்கல் அகழ்வோரும் சேனைப் பயிர் செய்வோரும் காடுகளில் புகுந்து திரும்பினர். 1968-69இல் நோயுற்றோர் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டனர். மலேரியா அற்ற நாடென உலக சுகாதாரத் தாபனம் சான்று வழங்கியது 2016இல். 1963க்குப் பின் 53 ஆண்டுகள்!

நம் கொள்கையைப் புகழ்வோர் திருப்பாது விடும் பக்கம் ஒன்றுண்டு. அது மலைநாட்டுத் தோட்டங்கள். அங்கே தொழிலாளரின் மருத்துவம் பெரிதும் தோட்ட நிருவாகத்தினரிடமே விடப்பட்டிருந்தது. நாட்டின் சராசரி சிறந்து வந்தபோதும், தோட்டக் குழந்தைகளின் இறப்பு அதனினும் உயர்ந்தே நின்றது. 1973-74இல் உலகச் சந்தையில் உணவு விலை ஏறிற்று; பங்கீட்டு அரிசியும் குறைந்தது. பயிரிட நிலமற்ற தோட்ட மக்களிடையே 1974இல் இறப்பு மிகுந்தது. அவ்வாண்டு அங்கே குறைந்தது மருந்தன்று, சோறு. பசியையும் பிணியையும் வள்ளுவர் ‘நாடு’ என்னும் அதிகாரத்தில் ஒருசேரவே பேசினார் என்பதை ஈண்டு நினைவுகூரலாம். தோட்ட வைத்தியசாலைகளை அரசினர் பொறுப்பேற்கத் தொடங்கியது அதற்கும் பல்லாண்டு கழிந்த பின்னரே. அப்பணியும் மெல்லவே நடந்தது.