சீரியல் போர்ட்டின் லயம்

1984-இல் தாம்பரத்தில் ஏற்பட்ட மெப்ஸ் ஏற்றுமதி வளாகம், பெருங்குடித் தொழிற்பேட்டை, பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் என்று கருவிகளோடு ஜீவிக்கும் ஸ்தாபனங்கள் நிறைந்த தென்சென்னைப் புறநகரிலும், எடைமேடை முதல் கடல்நீரின் உப்பை அளக்கும் கருவி வரை பற்பல சாதனங்கள் கணிப்பொறியோடு இன்றும் பேசுவது, 1969-இல் உருப்பெற்ற ஆர்எஸ்-232-சி நியதியின் வழிவந்த சீரியல் போர்ட் மூலமாகத்தான். அப்பேச்சைக் கெடு தவறாமல் கேட்டு விடையளிக்கும் லினக்ஸ் நிரலை அமைப்பது ஒரு வித்தை. அதன் சிறப்பு வேகத்தில் இல்லை, கால நியமத்தில் இருக்கிறது.

9600 பாட் வேகத்தில், தொடக்க பிட்டும் முடிவு பிட்டும் சேர்ந்து 10 பிட் கொண்ட ஒரு பைட் வந்து சேர ஒரு மில்லிசெகண்டுக்குச் சற்று அதிகமாகும். 115200 பாட்டிலோ 87 மைக்ரோசெகண்டுதான். போர்ட்டை நடத்தும் 16550 சிப்பிலுள்ள, ஃபிஃபோ எனப்படும் 16 பைட் வரிசை இவ்வேகத்தில் 1.4 மில்லிசெகண்டில் நிரம்பிவிடுமாதலால், அதற்குள் கெர்னல் வந்து எடுத்துக்கொள்ளாவிடில் அடுத்து வருவது நஷ்டமே.

பழகாத கை இடறும் இடம், போர்ட்டுக்கும் நிரலுக்கும் இடையே கெர்னலில் நிற்கும் டிடிஒய் அடுக்கு. மனிதர் தட்டும் வரிகளை உத்தேசித்து அமைந்த அது, 13 என்ற பைட்டை 10 ஆக்கும். 19 வந்தால் அனுப்புவதை நிறுத்திவிட்டு, 17 வரும் வரை காத்திருக்கும். கருவியின் அளவு தற்செயலாக 19 ஆகும் க்ஷணத்தில் மட்டும் ஊமையாகிவிடும் நிரலைக் கண்டால், பைட்டுகளை மாற்றாமல் அப்படியே தரும் ‘ரா’ நிலையை எழுதியவர் மறந்தார் என்று ரசிகன் அறிந்துகொள்வான்.

இக்கலையின் உயிர்நிலை மௌனம். ஆர்எஸ்-485 என்ற சீரியல் கம்பியில் ஓடும் மோட்பஸ் ஆர்டியு என்ற செய்தி முறையில் செய்தியின் முடிவைக் காட்ட எந்தக் குறியும் கிடையாது. மூன்றரை எழுத்து நேரம், அதாவது 9600 பாட்டில் சுமார் 4 மில்லிசெகண்ட், கம்பி சும்மா இருந்தால் அதுவே முற்றுப்புள்ளி. தாளத்தில் ஓசையற்ற வீச்சும் கணக்கில் சேர்வதுபோல, இங்கே ஒன்றும் வராத காலமும் பொருள் தருகிறது. காத்திருக்கும் நேரத்தைக் குறிக்க டிடிஒய் தரும் வி-டைம் என்ற அமைப்போ நொடியின் பத்தில் ஒரு பங்கைவிட நுட்பமாக அளக்காது. ஆகவே கைதேர்ந்தவர் அதை நம்பாமல் கெர்னலின் நுண்கடிகாரத்தை நாடுவார்.

ஏறக்குறைய 20 ஆண்டுகள் தனித் திருத்தமாக வளர்ந்து, 2024-இல் மூலக் கெர்னலில் இணைந்த, கெடு தவறாமைக்கு உதவும் ப்ரீஎம்ப்ட்-ஆர்டி கையில் இருந்தும், தம் நிரலுக்கு மட்டும் உச்ச முன்னுரிமை வழங்கிவிட்டு, பைட்டுகளை அதனிடம் கொண்டுவந்து சேர்க்கும் கெர்னல் த்ரெட்டைச் சாதாரண வரிசையில் நிற்கவிடுபவர் பாதி வித்தையே கற்றவர். முழுதும் கற்றவர் தம் நிரலின் பக்கங்கள் வட்டுக்குப் போய்விடாதபடி நினைவகத்தைப் பூட்டிவைப்பார். வாசிப்பதற்கென்று ஒரு த்ரெட்டை ஒதுக்கி, வந்த அளவுகளைக் கொண்டு இயந்திரத்தை ஆளும் நிரல் சுழற்சி எக்காலத்தும் போர்ட்டுக்காகக் காத்து நிற்காதபடி செய்வார்.

இத்தகைய நிரலின் தரத்தை அறிய ஒரே பரீட்சை போதும்: ஓடிக்கொண்டிருக்கையில் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். சுழற்சி ஒரு கெடுவும் தவறாமல் நடந்து, கடைசியாக வந்த அளவு பழையதாகிவிட்டது என்று தானே அறிவித்து, இயந்திரத்தைப் பத்திரமான நிலைக்குக் கொண்டுபோகுமானால், எழுதியவரைத் தேர்ந்த கலைஞர் என்று தயங்காமல் சொல்லலாம்.