ஒரே கணினியில் பல ரயில்வேக்கள்

மைக்ரோசாஃப்ட் 2001-இல் வெளியிட்ட ‘ட்ரெயின் சிமுலேட்டர்’ என்ற ரயில் ஓட்டும் விளையாட்டு ஆறே ரூட்களோடு (ரயில் பாதைகளோடு) வந்தது. இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல், அமெரிக்காவின் மரியாஸ் கணவாய், ஜப்பானின் ஹிசாட்சு ஆகியவை அவற்றில் சில. பிறகு ரசிகர்களே உருவாக்கிய ரூட்களும் இன்ஜின்களும் மலைபோலக் குவிந்தன. அத்தனையையும் ஒரே ஃபோல்டரில் போட்டவர்கள் சீக்கிரமே சிக்கலில் மாட்டினார்கள்.

சிக்கலின் வேர் ‘குளோபல்’ ஃபோல்டரில் இருக்கும் ‘டிசெக்‌ஷன்.டேட்’ என்ற ஒற்றை ஃபைல். தண்டவாளத் துண்டுகளின் நீளம், வளைவு எல்லாம் எண் வாரியாக அதில்தான் பதிவாகியிருக்கின்றன. ஒவ்வொரு ரூட்டும் அந்த எண்களை நம்பியே ஓடுகிறது. ‘எக்ஸ்ட்ராக்ஸ்’ போன்ற கூடுதல் தண்டவாளத் தொகுப்புகளுக்கு இதன் புதிய பதிப்பு வேண்டும். பழைய ரூட் ஒன்றை நிறுவும்போது அது தன்னுடைய பழைய ஃபைலை மேலே எழுதிவிட்டால், நேற்றுவரை ஓடிய வேறொரு ரூட் இன்று திறக்காது. குற்றவாளி எங்கே என்று தேடுவதிலேயே ஒரு மாலை போய்விடும்.

அதனால்தான் ‘மினி ரூட்’ முறை வந்தது. ஒவ்வொரு ரூட்டுக்கும் தனியாக குளோபல், ரூட்ஸ், சவுண்ட், ட்ரெயின்ஸ் என்ற நான்கு ஃபோல்டர்கள். ஆனால் பழைய விளையாட்டுக்கு ஒரு சமயத்தில் ஒரு முகவரிதான் தெரியும். மாற்ற வேண்டுமானால் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் கைவைக்க வேண்டும்.

அந்தத் தொல்லையை ‘ஓப்பன் ரெயில்ஸ்’ அடியோடு தீர்த்திருக்கிறது. இலவசமான இந்தத் திறமூல மென்பொருள், மைக்ரோசாஃப்ட் விளையாட்டின் ரூட்களையும் வண்டிகளையும் அப்படியே படிக்கிறது. மூல விளையாட்டின் நிரல் தேவையில்லை. ஆப்ஷன்ஸில் ‘கன்டென்ட்’ பக்கத்துக்குப் போய் ஃபோல்டரைச் சுட்டிக்காட்டி ஒரு பெயர் வைத்தால் போதும். அடுத்த முறை முதல் திரையிலேயே அந்தப் பெயர் பட்டியலில் நிற்கும். ஆஸ்திரியாவிலிருந்து மொன்டானாவுக்கு மாற ஒரு கிளிக். இதைவிட எளிமையாக இதைச் செய்திருக்க முடியாது.

இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. ரூட்டின் ஃபோல்டருக்குள் ‘ஓப்பன்ரெயில்ஸ்’ என்ற உள் ஃபோல்டரை உருவாக்கி, அதில் தனி டிசெக்‌ஷன் ஃபைலை வைத்தால் மென்பொருள் முதலில் அதையே எடுத்துக்கொள்ளும். பொதுவான ஃபைலைத் தொடாமலே முரண்டுபிடிக்கும் ரூட்டை ஓட்டிவிடலாம்.

குறை, வட்டு இடம். ரசிகர்கள் செய்த இன்ஜின்கள் பல, கேபினையும் ஒலியையும் டேஷ் 9, அசெலா போன்ற மூல இன்ஜின்களிடமிருந்து கடன் வாங்குகின்றன. அவை இல்லாத ஃபோல்டரில் கேபின் திறக்காது; எல்லா ஃபோல்டரிலும் நகலெடுத்தால் வட்டு நிரம்பும். விண்டோஸின் ‘எம்கேலிங்க்’ கட்டளையால் ஜங்ஷன் (ஃபோல்டர் இணைப்பு) போட்டு, ஒரே நகலைப் பல ஃபோல்டர்களில் காட்டுவது நல்ல வழி. மூல இன்ஜின்களுக்கும் சவுண்டுக்கும் இது பொருந்தும். குளோபலுக்கு மட்டும் போடக் கூடாது: ஓரிடத்தில் எழுதியது எல்லா இடத்திலும் மாறி, பிரித்து வைத்ததன் பயனே போய்விடும். ரூட்டுக்கு ஒன்று என்று பிரிக்காமல் நாட்டுக்கு ஒன்று, தண்டவாளத் தொகுப்புக்கு ஒன்று என்று பிரித்தால் பராமரிப்பும் குறையும்.

ஓப்பன் ரெயில்ஸின் அமைப்புகள் மட்டும் பட்டியலில் உள்ள எல்லாப் பெயர்களுக்கும் பொதுவாகவே இருக்கின்றன. பார்வைத் தூரத்தைச் சமவெளி ரூட்டுக்காகக் கூட்டினால் நெரிசலான நகர ரூட்டிலும் அதுவே வரும். இதற்கு ஓப்பன் ரெயில்ஸையே இரண்டு ஃபோல்டர்களில் வைத்து, ஒவ்வொன்றிலும் ‘ஓப்பன்ரெயில்ஸ்.ஐஎன்ஐ’ ஃபைல் ஒன்றை வைக்கலாம். அப்போது அமைப்புகள் ரெஜிஸ்ட்ரிக்குப் போகாமல் அந்தந்த ஃபைலிலேயே தங்கும். அடுத்த பதிப்புகளில் இந்த வசதி மெனுவுக்குள்ளேயே வர வேண்டும்.