படத்துக்குக் கீழே ஒரு கேள்வி

2012 ஜூன் மாதம் பாடநூலிலிருந்து ஒரு கார்ட்டூனை நீக்கச் சொல்லிக் குரல் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் நூலில் இருந்த ஆர்.கே. லக்ஷ்மணின் படம் அது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கல்லெறியும் மாணவனுக்கு இங்கிலீஷும் படிக்கத் தெரியாது என்பது அதன் கிண்டல். கலைஞரும் வைகோவும் கண்டித்தார்கள். என் பெரியப்பா 65-இல் கல்லூரி மாணவர், அந்தப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். கோபத்தோடு அவரிடம் படத்தைக் காட்டினேன். "அப்ப அவங்க எங்களை அப்படித்தான் பாத்தாங்க. இதை எடுத்துட்டா அது இந்தப் பசங்களுக்கு எப்படிடா தெரியும்?" என்றார். அன்று எனக்கு அது விட்டேத்தியான பேச்சாகப் பட்டது.

இந்த நூல்கள் 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பின்படி எழுதப்பட்டவை. யஷ் பால் தலைமையில் உருவான அந்த ஆவணம் சமூக அறிவியலை மனப்பாடத்திலிருந்து விடுவிக்க முயன்றது. 'குடிமையியல்' என்ற பாடமே, ஆங்கில ஆட்சி மீது இந்தியர்களுக்கு விசுவாசம் குறைந்துவந்த காலத்தில் பள்ளிக்குள் வந்தது என்பதை அதன் சமூக அறிவியல் குழு சுட்டிக்காட்டியது. அந்தப் பெயரே போயிற்று. ஆறிலிருந்து எட்டு வரை அது 'சமூக, அரசியல் வாழ்க்கை' ஆயிற்று. மேல்வகுப்பு நூல்களில் உன்னி, முன்னி என்று இரண்டு சித்திரக் குழந்தைகள் பக்க ஓரத்தில் நின்று துடுக்காகக் கேள்வி கேட்டார்கள். கார்ட்டூன்களும் அந்த நோக்கத்தோடு வந்தவைதான்.

லக்ஷ்மண் படத்துக்கு ஒரு மாதம் முன்பே, மே மாதத்தில், பதினோராம் வகுப்பு நூலில் இருந்த சங்கரின் 1949 கார்ட்டூன் நாடாளுமன்றத்தைக் கலக்கியிருந்தது. அரசமைப்புச் சட்டம் ஒரு நத்தை. அதன்மேல் அம்பேத்கர். பின்னால் சாட்டையோடு நேரு. மக்களவையில் தொல். திருமாவளவன் இதை எழுப்பினார். அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கேட்டார். நூலின் தலைமை ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷீகரும் விலகினார்கள்.

எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்து வகுப்பில் யார் சிரிப்பார்கள், யார் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். படத்துக்குக் கீழே ஒரு கேள்வி இருக்கத்தான் செய்தது. அரசமைப்புச் சட்டத்தை எழுத ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று என்று அது கேட்டது. சாட்டையோடு ஒருவர் அம்பேத்கர் பின்னால் நிற்பதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தேசியக் கலைத்திட்டம் என்று எழுதும்போது மனசுக்குள் ஒரு பொதுப்படையான பிள்ளை உட்கார்ந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்குச் சாதி இல்லை, 1965-இல் ஜெயிலுக்குப் போன பெரியப்பாவும் இல்லை. இந்த நூல்களின் உண்மையான குறை இதுதான்.

ஆனால் நாம் கேட்டது கேள்வியை மாற்றச் சொல்லி அல்ல, படத்தை எடுக்கச் சொல்லி. எஸ்.கே. தோரட் தலைமையிலான மறுஆய்வுக் குழுவும் பல படங்களை நீக்கப் பரிந்துரைத்தது. உடன்படாமல் மறுப்புக் குறிப்பு எழுதியவர் எம்.எஸ்.எஸ். பாண்டியன். திராவிட அரசியலையே தன் ஆய்வுக்களமாக வைத்திருந்த மனிதர். தமிழர் மனம் புண்படுவது பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த மறுப்பை நான் அன்று பொருட்படுத்தவில்லை. பாண்டியன் 2014-இல் காலமானார்.

பத்து வருஷம் கழித்து, 2022-இல், கொரோனாவுக்குப் பிந்திய பாடச்சுமைக் குறைப்பு என்ற பெயரில் கத்தரிக்கோல் மீண்டும் வந்தது. பத்தாம் வகுப்பில் மக்கள் போராட்டங்கள் பற்றிய அத்தியாயம் போயிற்று. நேபாளத்து மக்களும், தண்ணீருக்காகத் தெருவில் இறங்கிய பொலிவியாவின் கொச்சபம்பா நகரத்தாரும் அதோடு போனார்கள். ஜனநாயகத்தின் சவால்கள் பற்றிய அத்தியாயமும் போயிற்று. பன்னிரண்டாம் வகுப்பில் மக்கள் இயக்கங்கள் பற்றிய அத்தியாயத்தோடு சிப்கோவும் தலித் பேந்தர்களும் வெளியேறினார்கள். அம்பேத்கரின் மானத்துக்காக 2012-இல் நாம் தீட்டிக் கொடுத்த கத்தரி, அவர் வழி வந்த இயக்கத்தின் கதையையே வெட்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல, தெரியும். அன்று கேட்டவர்கள் காயம்பட்டவர்கள், பின்னர் வெட்டியவர்கள் அதிகாரத்தில் இருப்பவர்கள். ஆனாலும் பாடநூலில் பிடிக்காதது இருந்தால் எடுத்துவிடலாம் என்ற வழக்கத்துக்கு நாமும் கைநாட்டு வைத்தோம்.

2023-இல் வந்த புதிய கலைத்திட்ட வடிவமைப்பிலும் விமர்சனச் சிந்தனை என்ற சொல் இருக்கிறது. சொல் இருப்பதால் மட்டும் எதுவும் நடக்காது. எதைப் பார்த்து விமர்சிப்பது என்று பிள்ளை கேட்டால் கையில் கொடுக்க ஏதாவது வேண்டும். லக்ஷ்மணின் படத்தைத் திரும்ப வைக்கச் சொல்லிக் கேட்க எனக்கு இப்போது தயக்கமில்லை. ஒரே நிபந்தனை, அதன் கீழே இந்தக் கேள்வியும் இருக்கட்டும்: பம்பாயில் உட்கார்ந்து படம் போட்டவருக்கு, மதராஸில் தெருவில் நின்ற மாணவன் ஏன் ஒன்றும் தெரியாதவனாகத் தோன்றினான்?