விரல் நுனி ஓர் அளவுகோலா?

“களிம்பை மெல்லியதாகத் தடவவும்” என்பது ஓர் அளவாகுமா? எக்ஸிமா எனும் கரப்பானுக்கு ஸ்டீராய்டு களிம்பு பெற்றவர்களில் சிலர் பக்கவிளைவுக்கு அஞ்சித் தொட்டும் தொடாமலும் தடவுவர். சிலர் அள்ளிப் பூசுவர். முன்னதால் நோய் அடங்காது. பின்னதால் நாளடைவில் தோல் மெலியும்.

இக்குறையைப் போக்க 1991-இல் பிரிட்டனில் லாங், ஃபின்லே என்ற மருத்துவர்கள் ‘விரல் நுனி அளவு’ ஒன்றை வகுத்தனர். 5 மி.மீ. வாயுள்ள குழாயிலிருந்து, பெரியவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பே ஓர் அளவு. ஏறத்தாழ அரை கிராம் இருக்கும். விரல்களோடு சேர்ந்த இரு உள்ளங்கைப் பரப்புக்கு இது போதும்.

ஆளுக்கு ஆள் விரல் மாறுமே என்று மாணவர் கேட்கலாம். விரல் பெரியவருக்கு உடற்பரப்பும் பெரிதல்லவா? அதுவே இம்முறையின் நயம். குழந்தைக்குப் பூசும்போதும் பெரியவரின் விரலும் கையுமே அளவு.

குறையும் உண்டு. குழாய் வாயின் விட்டம் இருமடங்கானால் களிம்பு நான்கு மடங்காகும்! மேலும், எந்த வீரியம், எத்தனை நாள் என்பதை விரல் சொல்லாது. தோல் மருத்துவரே சொல்ல வேண்டும். அவர் சீட்டில் ‘இத்தனை விரல் நுனி’ என்றும் எழுதட்டும். எழுதாவிடில் நாம் கேட்போம்.