கடையிலேயே முடிந்துவிடும் குவில்ட்

நான் வசிக்கும் நியூ ஜெர்சி சிறுநகரின் குவில்ட் சங்கக் கண்காட்சியில் இந்த முறை முதல் பரிசு பெற்ற போர்வையும், அதே சுவரில் சற்றுத் தள்ளித் தொங்கிய இன்னொரு போர்வையும், துணியையும் வடிவத்தையும் கடையே தேர்ந்து பொட்டலமாக விற்கும் ஒரே கிட்டிலிருந்து தைத்தவை. துணி ஒன்றே, வடிவம் ஒன்றே, எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்பதும் ஒன்றே. ஒன்றில் நட்சத்திரங்களின் முனைகள் இம்மி பிசகாமல் கூடியிருந்தன. மற்றதில் இரண்டு மூன்று முனைகள் தையலுக்குள் போய் மொண்ணையாகிவிட்டன. நடுவர்கள் முனைகளைப் பார்த்துப் பரிசளித்தார்கள். கிட்டுக்கு முதல் பரிசா என்று சிலர் முணுமுணுத்தபோது சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து பதில் சொன்னார். குவில்ட் என்பது கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றிய பெண்களின் மரபு. அந்த மரபு இன்று கிட்டின் வழியாகத்தான் அடுத்தவர் கைக்குப் போகிறது. ஆகவே தைத்தவரின் உழைப்பை மட்டும் பாருங்கள் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தட்ட மனம் வரவில்லை.

இந்தப் பொழுதுபோக்கு செய்யும் நன்மைகளை யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சமையல் பாத்திரம் கழுவியபின் தையல் இயந்திரத்தின் சிறு விளக்கைப் போட்டு உட்காரும் ஒரு மணி நேரம்தான் பல பெண்களுக்கு நாளில் தங்களுக்கென்று இருக்கும் நேரம். பிறக்கும் குழந்தைக்கும் புற்றுநோய் சிகிச்சைக்குப் போகும் தோழிக்கும் இவர்கள் தைத்துக் கொடுக்கும் போர்வைகளுக்குக் கணக்கில்லை. இயந்திரத்தின் மேலும் எனக்குப் புகார் கிடையாது. 1989-இல் கெண்டக்கி மாநிலம் படூகாவின் பெரிய கண்காட்சியில் கேரில் பிரையர் ஃபேலர்ட் இயந்திரத்தில் தைத்த சூரிய கிரகணப் போர்வை தலைசிறந்ததென்று பரிசு வாங்கியபோது கைத்தையல்காரர்கள் பலர் கொதித்தார்கள். அந்தச் சண்டையில் வென்றது நியாயம்தான் என்பது என் கருத்து. புதுத்துணி வாங்கி வெட்டுவதையும் நான் குறை சொல்லவில்லை. 1840-களில் பால்டிமோர் பெண்கள் தைத்த புகழ்பெற்ற ஆல்பம் போர்வைகளில் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கிய துணிதான் இருக்கிறது. எல்லாப் பழைய குவில்ட்டும் கந்தலிலிருந்து பிறந்தது என்பது பிற்காலத்தார் கட்டிய கதை.

என் ஆட்சேபம் ஒன்றே ஒன்று. குவில்ட்டில் வேலை என்பது தேர்வு. இந்தப் பழுப்புக்குப் பக்கத்தில் எந்த நீலம், இந்தப் பூப்போட்ட துணியை எங்கே நிறுத்த வேண்டும், எந்த மூலையில் கண் இளைப்பாற வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் கலை. வெட்டுவதும் மூட்டுவதும் அந்த முடிவைத் துணியில் ஏற்றும் உழைப்பு. முன்வெட்டுத் துணிகளும் கிட்டுகளும் அந்த முடிவைக் கடைக்குக் கொடுத்துவிட்டு, உழைப்பை மட்டும் வீட்டுக்கு அனுப்புகின்றன.

முன்வெட்டுத் துணிகளில் ஒன்றான ஜெல்லி ரோல் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 2000-களின் நடுவில் மோடா என்ற அமெரிக்கத் துணி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது அது. இரண்டரை அங்குல அகலத்தில் ஏறத்தாழ நாற்பது பட்டைகள், ஒரே வடிவமைப்பாளரின் ஒரே தொகுப்பிலிருந்து எடுத்து, சுருட்டி, ரிப்பன் கட்டி விற்கிறார்கள். இதை வைத்து 'ஜெல்லி ரோல் ரேஸ்' என்று ஒரு பந்தயம் நடத்துவது வழக்கம். நாற்பது பட்டைகளையும் முனையோடு முனை சேர்த்தால் ஏறக்குறைய 1,600 அங்குல நீளத்தில் ஒரே நாடா. அதன் தொடக்கத்தில் 18 அங்குலத்தை வெட்டி எறியச் சொல்வார்கள். இல்லையென்றால் இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து விழும். பிறகு நாடாவை இரண்டாக மடித்து நெடுகத் தைத்து, மடிப்பை வெட்டிவிட்டால் இரண்டு வரிசை. மறுபடி மடித்தால் நான்கு. ஐந்தாவது தையலில் முப்பத்திரண்டு வரிசைகளோடு, சுமார் 50 அங்குல அகலமும் 64 அங்குல நீளமும் கொண்ட மேல்துணி மேசையில் கிடக்கும். யார் முதலில் முடித்தாரோ அவருக்குப் பரிசு.

இதில் எந்த நிறம் எங்கே விழ வேண்டும் என்று யார் தீர்மானித்தார்? தைத்தவர் இல்லை. கடைக்காரரும் இல்லை. மடிப்பின் கணக்கு தீர்மானித்தது. வேகத்துக்காகக் கண்டுபிடித்த விளையாட்டு, விளையாட்டாகவே இருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த மேல்துணிக்கு அடித்துணியும் பஞ்சு விரிப்பும் வைத்து, ஓரப்பட்டி அடித்து, மூலையில் பெயர்ச்சீட்டு தைத்து, சொந்தப் படைப்பென்று சுவரில் மாட்டுகிறார்களே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை.

இதைவிட நுணுக்கமான கேடு ஒன்றும் இருக்கிறது. குவில்ட்டை நிற்க வைப்பது நிறம் அல்ல, வெளிர்ப்பும் அடர்த்தியும். லாக் கேபின் என்ற பழைய கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சதுரம், பெரும்பாலும் சிவப்பு. அதைச் சுற்றிப் பட்டை பட்டையாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். இரண்டு பக்கம் வெளிர் துணி, இரண்டு பக்கம் அடர் துணி. மூலைவிட்டத்தில் கட்டம் பாதி வெளிச்சமாகவும் பாதி நிழலாகவும் பிரியும். இப்படிப்பட்ட கட்டங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் உழவுசாலும் வரும், பெரிய வைர வடிவமும் வரும். எல்லாம் அந்த வெளிச்சமும் நிழலும் செய்யும் வேலை. இப்போது ஒரே தொகுப்பிலிருந்து வந்த நாற்பது பட்டைகளைப் பிரித்துப் பாருங்கள். ஒன்றோடொன்று இழைய வேண்டும் என்றே அச்சடித்தவை அவை. அதனால் பெரும்பாலானவை நடுத்தர அடர்த்தியில் இருக்கும். தைத்து முடித்த லாக் கேபினைக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தால் ஒரே சாம்பல் குழம்பு. பாதி எது, மூலைவிட்டம் எங்கே என்று தெரியாது. எங்கள் சங்கத்தில் பலர் தைத்த போர்வைகளில் இந்தக் கோளாறைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தையலில் குறையே இல்லை. குறை எங்கே என்று அவர்களுக்குப் புரியாததுதான் எனக்கு வருத்தம், ஏனென்றால் அதைக் கண்டுபிடிக்கும் கண்ணைப் பழக்கும் வாய்ப்பையே கிட் எடுத்துவிட்டது.

தமிழ்ப் பெண்களுக்கு இந்தக் கண் புதிதல்ல. புடவையை மடித்து எடுத்துக்கொண்டு மேட்சிங் கடைக்குப் போகும் அம்மாவை நினைத்துப் பாருங்கள். பத்துப் பச்சை ரவிக்கைத் துண்டுகளை எடுத்துப் போடச் சொல்வாள். குழல் விளக்கில் ஒத்துப்போனதை நம்பமாட்டாள். துண்டையும் புடவையையும் வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் விரித்து, கரையோடு சேர்த்து வைத்துப் பார்த்து, "இது கொஞ்சம் மஞ்சள் அடிக்குது" என்று திருப்பிக் கொடுப்பாள். கடைப்பையன் சலித்துக்கொண்டாலும் விடமாட்டாள். அந்த வாசல் வெயிலில் நடந்ததுதான் குவில்ட்டின் முக்கால் பங்கு வேலை.

கிட் ஒன்றும் புதிதில்லையே என்று ஒரு பதில் உண்டு. உண்மைதான். 1915-இல் குவில்ட் பற்றி அமெரிக்காவின் முதல் நூலை எழுதிய இந்தியானாவின் மேரி வெப்ஸ்டரே வடிவங்களும் கிட்டுகளும் விற்றார். பழையது என்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது. பழமையைச் சாட்சிக்கு அழைக்கிறவர்கள் 1933-ஐயும் அழைக்கட்டும். சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் நிறுவனம் நடத்திய குவில்ட் போட்டிக்கு ஏறக்குறைய 25,000 போர்வைகள் வந்தன. பொருளாதார மந்தத்தில் ஊரே தவித்த நேரத்தில் முதல் பரிசு 1,000 டாலர். அதை வென்றவர் கெண்டக்கியின் மார்கரெட் ரோஜர்ஸ் கேடன். வென்ற போர்வையில் அவர் ஒரு தையல்கூடப் போடவில்லை. கூலிக்குத் தைத்த பெண்களின் பெயர் எங்கும் வரவில்லை. அவர்கள் கதை வெளியே வரப் பல பத்தாண்டுகள் ஆயின. அன்று கையை மறைத்துவிட்டுப் பரிசு வாங்கினார்கள். இன்று கண்ணை மறைத்துவிட்டு வாங்குகிறார்கள். பெயர்ச்சீட்டில் தைத்தவர் பெயர் இருக்கிறது, துணியைத் தேர்ந்தவர் பெயர் இல்லை.

இருப்பதை வைத்து ஒப்பேற்றும் மரபு என்று அந்த மூத்த உறுப்பினர் சொன்னார் அல்லவா, அந்த மரபைப் பற்றிப் பேச அலபாமாவின் கீஸ் பெண்டுக்குத்தான் போக வேண்டும். 2002-இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அந்த ஊர்க் கறுப்பினப் பெண்களின் போர்வைகளை மாட்டிய பிறகு, குவில்ட் தைக்கும் யாரும் அவற்றைப் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. 1942-இல் அந்த ஊரின் மிசூரி பெட்வே தன் கணவர் இறந்தபின் அவருடைய வேலைத்துணிகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்து அதைப் போர்த்திக்கொள்ளத்தான் அம்மா தைத்தாள் என்று மகள் ஆர்லோன்சியா பின்னாளில் சொன்னார். அங்கே தைத்த வேலைத்துணிப் போர்வைகள் சிலவற்றில், காற்சட்டையின் பையைப் பிரித்தெடுத்த இடத்தில் சாயம் போகாத நீலம் ஒரு சதுரமாக நிற்கும். சுற்றிலும் வெளிறிப் போன துணி. அந்தச் சதுரத்தை மடித்துத் தையலுக்குள் தள்ளியிருக்கலாம். தள்ளாமல் கண்ணில் படும்படி வைத்தது ஒரு முடிவு. ஒரு பெண் எடுத்த முடிவு.

அதே ஊரில் நடந்த இன்னொரு சம்பவம் என் வாதத்துக்கு இன்னும் வலு சேர்க்கிறது. 1972-இல் அந்த வட்டாரத்துப் பெண்களின் கூட்டுறவான ஃப்ரீடம் குவில்டிங் பீ, சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறைகள் தைத்துக் கொடுக்க ஒப்பந்தம் செய்தது. மீந்த கார்டுராய் துண்டுகள் வீடு வீடாகப் போயின. யோசித்துப் பார்த்தால் இதுவும் கிட்தான்: ஒரே கம்பெனித் துணி, நாலைந்தே நிறங்கள், எல்லோர் கையிலும் அதே. ஆனால் அந்தத் துண்டுகளில் பிறந்த போர்வைகளில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஒருத்தி அகலப் பட்டைகளாக நிறுத்தினாள், இன்னொருத்தி வீட்டுக்குள் வீடாகச் சதுரங்களை அடுக்கினாள், வேறொருத்தி ஓரத்தில் ஒரு சிவப்பை மட்டும் துருத்தவிட்டாள். துணி ஒரே இடத்திலிருந்து வந்தால் கெட்டுப்போய்விடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கூடவே படமும் வரிசை எண்ணும் வராததால்தான் அவர்கள் கை சுதந்திரமாக இருந்தது.

நேரமில்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்விதான் எப்போதும் கடைசியில் வருகிறது. பகலெல்லாம் பருத்திக் காட்டில் வேலை செய்த கீஸ் பெண்ட் பெண்களுக்கு நேரம் இருந்ததா? நேரமில்லாதவர் சின்னதாகத் தைக்கட்டும். தலையணை அளவில் ஒன்று, மேசை விரிப்பு ஒன்று, ஆனால் முழுக்கத் தன்னுடையது. கிட் நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்ற கூற்றையும் நான் நம்பவில்லை. ராணி அளவுக் கட்டிலுக்கான கிட்டை வெட்ட, மூட்ட, இஸ்திரி போட்டுத் தையலைப் படியவைக்க ஆகும் மாதங்கள் எல்லோருக்கும் தெரியும். மிச்சமாவது யோசிக்கும் நேரம் மட்டுமே, அதைத்தான் நான் மிச்சம் பிடிக்கக் கூடாது என்கிறேன்.

யோசிப்பதைக் கடைக்கு விட்டதன் விளைவைக் கிட் வாங்குகிறவர்களின் தையலறை அலமாரிகளில் பார்க்கலாம். எங்கள் வட்டத்தில் பிரிக்காத கிட் இல்லாத வீட்டை நான் கண்டதில்லை. மாதம் ஒரு கட்டம் என்று பணம் கட்டி, மாதாமாதம் தபாலில் வந்த பொட்டலங்கள் தேதி வரிசையில் அடுக்கியிருக்கும். ஆயுளுக்குள் தைத்து முடிக்க முடியாத துணி சேர்ந்துவிட்டது என்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். தொகுப்புகள் சில மாதங்களில் சந்தையிலிருந்து போய்விடும் என்பதால் பயந்து வாங்குகிறார்கள் என்பது ஒரு காரணம். எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. குவில்ட்டில் இன்பம் நிறங்களைக் கூட்டிப் பார்க்கும் கணத்தில் இருக்கிறது. அந்தக் கணத்தைக் கடையே நடத்திவைத்து, ரிப்பன் கட்டிக் கொடுத்துவிட்டால், வாங்கும்போதே குவில்ட் முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு வருவது பாக்கி வேலை. பாக்கி வேலையை யார் ஆசையாகப் பிரிப்பார்கள்? தன் கையால் வெயிலில் வைத்துத் தேர்ந்த ஆறு துணிகளை ஒருத்தி இப்படி அலமாரியில் தூங்கவிடமாட்டாள். தைத்தால் எப்படி வரும் என்று தெரியாதது அவளைத் தூங்கவிடாது.

புதியவர்களுக்குக் கிட் ஒரு கைப்பிடி என்பதை ஏற்கிறேன். மிசூரியின் ஹாமில்டன் என்ற சிற்றூரிலிருந்து ஜென்னி டோனின் காணொளிகளைப் பார்த்துத் தைக்கத் தொடங்கிய ஆயிரக்கணக்கானவர்கள் இல்லாவிட்டால் எங்கள் சங்கங்கள் பல கலைந்திருக்கும். ஆனால் நான் குறிப்பிடுகிறவர்கள் பல்லாண்டு தைத்தவர்கள். முதல் பரிசு வாங்குகிறவர்கள்.

கண்காட்சிக் குழுவிடம் நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. போர்வையின் பக்கத்தில் ஒட்டும் சீட்டில் மூன்று வரிகள் வேண்டும்: வடிவம் யாருடையது, துணியைத் தேர்ந்தவர் யார், தைத்தவர் யார். வடிவத்தின் மூலத்தைப் பல கண்காட்சிகள் இப்போதே கேட்கின்றன. மேல்துணியை ஒருவர் தைத்து, மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்க நீளக்கை இயந்திரக்காரரிடம் கொடுத்திருந்தால் அவர் பெயரையும் போடச் சொல்கின்றன. இரண்டாவது வரியை மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதிவுகள் குறைந்துவிடும் என்று குழுவில் ஒருவர் ஏற்கெனவே என்னிடம் சொல்லிவிட்டார். குறையும் என்று எனக்கும் தெரியும். அந்த வரியில் தன் பெயரை எழுத முடிகிறவர்களுக்கு நடுவே முதல் பரிசு போகட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு.