புண்ணும் வடுவும்: வேட்டை விலங்கின் உடலும் குறிஞ்சிப் பாடலும்

நற்றிணையின் 65ஆம் பாடலில், புலியோடு பொருது புண்பட்ட யானையொன்றைக் கொம்பின்மேல் ஆசைகொண்ட கானவர் வில்லேந்திச் சூழ்கின்றனர். அதன் பூசல் இடியென ஒலிப்பதாகக் கபிலர் கூறுகிறார். இத்தகைய காட்சிகளில் உள்ளுறை தேடுவது நம் வகுப்பறை வழக்கம். காயமுற்ற விலங்கே வேடனுக்கு வாய்ப்பான இரை என்னும் தொழிலறிவு அதில் பதிவாகியிருப்பதை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம்.

கல்வராயன் மலைக்கு வடக்கே, செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாமும் இங்குக் கருதத்தக்கது. மலையில் எழும் ஓசைகளை அடுக்குமிடத்தில், எய்ப்பன்றியால் இடருற்ற கானவரின் அழுகையும், புலி பாய்ந்த கணவரின் மார்புப்புண் ஆறக் கொடிச்சியர் பாடும் பாட்டும் அடுத்தடுத்து வருகின்றன. இவ்விரு நூல்களும் காட்டுவன பசும்புண்களே. ஆறிய வடு இவ்விடங்களில் இல்லை. காரணம் எளிது: பாடல் விலங்கை உயிரோடு, தொலைவிலிருந்து காண்கிறது, பழங்காயமோ தோலுரிக்கும்போதே பெரிதும் வெளிப்படும்.

ஜிம் கார்பெட்டின் எழுத்து இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். 1907இல் அவர் வீழ்த்திய சம்பாவத் பெண்புலியின் வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் பழைய துப்பாக்கிச் சூட்டால் உடைந்திருந்தன. முக்தேசர் புலி ஒரு கண்ணை இழந்திருந்தது. அதன் வலமுன்காலில் ஏறத்தாழ ஐம்பது முள்ளம்பன்றி முட்கள் தைத்திருந்தன. ஆட்கொல்லியானதன் காரணத்தை அவர் கண்டது இறந்த உடலில்தான்.

காட்டுப்பன்றியிலும் இத்தகைய செய்திகள் உண்டு. மேற்கொம்பு உடைந்தால் அதனோடு உரசித் தேயவேண்டிய கீழ்க்கொம்பு தேயாமல் வளைந்து நீளும். ஆண்பன்றியின் தோள்புறத் தடித்த தோலில் பழைய ஈயக்குண்டு புதைந்து கிடக்கலாம். மானில், விதைக் காயம் கொம்பைக் கோணலாக்கும். பின்னங்கால் முறிவோ பெரும்பாலும் எதிர்ப்பக்கக் கொம்பையே குறைப்படுத்தும். (இவற்றை வெறும் விந்தைகளாக ஒதுக்குவது விலங்கியலுக்கும் இழப்பு.)

கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம் செல்லும் தமிழ்த்துறைக் களஆய்வுகள் பாடல், சடங்கு, வழிபாடு ஆகியவற்றையே பெரிதும் நாடுகின்றன. வேட்டையை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்தது. அன்று இருபது வயதானவர் இன்று எழுபதைக் கடந்தவர். சட்ட அச்சம் அவர்கள் வாயை அடைக்கும் என்பது மெய்யே. பெயர் மறைத்து, தடைக்கு முந்தைய நினைவை மட்டும் கேட்பதற்கு அது தடையாகாது. கொம்பு கோணிய பன்றிக்கு அவர்கள் வழக்கில் என்ன பெயர்? தோலடியில் கிடைத்த பழங்குண்டு முன்னொருநாள் சுட்டவனுக்கும் இறைச்சியில் பங்கு தந்ததா? நம் வினாநிரலில் இவ்வினாக்கள் இனியேனும் இடம்பெற வேண்டும்.